இருண்ட திரையும் தெளிந்த அறிவும்

நுழையும்முன்

கருவிகள் பழுதடைவது இயல்பு. ஆனால், பழுது எந்த இடத்தில் உள்ளது என்று ஆராயாமலேயே கருவி முழுவதையும் குறைகூறி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. கணினிக்கும் அதனோடு இணைக்கப்படும் புறத்திரையகத்துக்கும் இடையே தொடர்பு அறுபடும்போது, அக்குறையைப் படிப்படியாகத் தேடிக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. திரையைப் பற்றிய செய்தியாகத் தொடங்கினும், காரணத்தை நாடும் சிந்தனைப் பயிற்சியாகவே இப்பாடம் அமைகிறது.

ஒரு வீட்டின் மேசை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் தொடர்வண்டித் தடத்தில், திருவள்ளூருக்குச் சற்று முன்னர் அமைந்திருக்கிறது செவ்வாப்பேட்டை. அதனை அடுத்துள்ள காக்களூரில் தொழிற்பேட்டை உண்டு. அதே காக்களூரில்தான் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் தமிழ்நாடு அரசின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் மேல்நிலை மாணவர் பலர் மடிக்கணினி பெற்றனர். அவற்றுள் பல, மூத்தோர் படித்து முடித்தபின் இளையோர் கைக்கு வந்து சேர்ந்துள்ளன.

அத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அக்காள் பயன்படுத்திய மடிக்கணினி தங்கைக்கு வந்திருக்கிறது. ஒருநாள் அது மேசையிலிருந்து விழுந்து அதன் திரை உடைந்துவிட்டது. விசைப்பலகை இயங்குகிறது, உள்ளே இருக்கும் பாடக்குறிப்புகளும் அழியவில்லை, பார்ப்பதற்குத் திரைதான் இல்லை. உறவினர் ஒருவர் தம்மிடம் பயனற்றுக் கிடந்த பழைய திரையகம் ஒன்றைக் கொடுத்து உதவுகிறார். மடிக்கணினியில் இருப்பது எச்.டி.எம்.ஐ. வாயில்; திரையகத்தில் இருப்பதோ வி.ஜி.ஏ. வாயில். இரண்டையும் இணைக்க மாற்றி ஒன்று வாங்கப்படுகிறது. எச்.டி.எம்.ஐ. வடத்தின் ஒரு முனை மடிக்கணினியிலும் மறுமுனை மாற்றியிலும் பொருத்தப்படுகின்றன. மாற்றியின் மறுபுறம் திரையகத்தில் செருகப்படுகிறது. எல்லாம் இடைவெளியின்றிப் பொருந்திவிட்டன. ஆனால், திரையில் தோன்றியது ‘சிக்னல் இல்லை’ என்னும் அறிவிப்பு மட்டுமே. சிறிது நேரத்தில் அதுவும் மறைந்து, திரை இருண்டது.

“திரையகம் போய்விட்டது” என்றார் ஒருவர். “மடிக்கணினியே போய்விட்டது, இரண்டையும் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிடலாம்” என்றார் மற்றொருவர். புதிய மடிக்கணினி வாங்கும் வசதி அவ்வீட்டில் இல்லை. ஆகவே, அவ்விருவர் கூற்றில் எது உண்மை, அல்லது இரண்டுமே பிழையா என்பதை ஆராய்ந்து அறிவது அம்மாணவிக்கு விளையாட்டன்று. அவளுடைய படிப்பின் தேவை.

திரையகம் சொல்லும் சாட்சியம்

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவத்தில் இறங்க வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உணர்த்தும் நெறி. கருவிகளுக்கும் அந்நெறி பொருந்தும். பழுது நீக்குதலின் முதற்படி, கண்முன் தோன்றுவதைக் கவனமாகப் படித்தலாகும்.

‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்துகளை அத்திரைக்கு அனுப்பியது யார்? கணினி அன்று. கணினியிலிருந்து எதுவும் வரவில்லை என்பதுதானே அச்செய்தி! அதனை எழுதிக் காட்டியது திரையகத்தின் உள்ளே அமைந்த மின்சுற்று. அவ்வெழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன என்றால், திரையகத்துக்கு மின்சாரம் கிடைக்கிறது; அதன் கட்டுப்பாட்டுச் சுற்று இயங்குகிறது; படப்பரப்பு நன்றாக உள்ளது; பின்னொளியும் எரிகிறது. தன் குறையை அறிவிப்பதுபோல் தோன்றிய அச்செய்தி, உண்மையில் திரையகத்தின் நலத்துக்குச் சாட்சியம் ஆகிறது. திரையகம் கெட்டுவிட்டது என்று கூறியவர் அச்செய்தியைப் பார்த்தார், ஆனால் படிக்கவில்லை.

அறிவிப்பின் சொற்கள் மாறினால் பொருளும் மாறும். வடத்தைச் சரிபார்க்குமாறு பல திரையகங்கள் கேட்பது, வடம் கழன்றிருக்கும்போது. மின்சேமிப்பு நிலைக்குச் செல்வதாகக் கூறினால், வடம் செருகப்பட்டிருந்தும் மறுமுனையிலிருந்து படம் வரவில்லை என்று பொருள். படம் தன் வரம்புக்கு அப்பாற்பட்டது என்று அறிவித்தால், சமிக்ஞை வந்துசேர்கிறது. ஆனால் திரையகத்தால் ஏற்க இயலாத அளவிலோ வேகத்திலோ வருகிறது என்று பொருள். முதலாவதற்கு வடத்தையும், இரண்டாவதற்குக் கணினியையும் இடைப்பட்ட இணைப்புகளையும், மூன்றாவதற்குக் கணினியின் திரை அமைப்புகளையும் நாட வேண்டும்.

எழுத்து எதுவும் தோன்றாதபோது திரையகத்தின் சிறு விளக்கு பேசும். விளக்கு எரியவே இல்லையெனில் மின்வாயில், மின்வடம், மின்வழங்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கு செம்மஞ்சளாக எரிந்தாலோ விட்டுவிட்டு ஒளிர்ந்தாலோ, பெரும்பாலும் திரையகம் சமிக்ஞைக்குக் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். விளக்கு இயங்குநிலையைக் காட்டியும் திரை இருண்டிருந்தால், கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகத் திரைமேல் பாய்ச்சிப் பார்க்கலாம். அவ்வொளியில் படம் மங்கலாகத் தென்பட்டால் சமிக்ஞை வந்துள்ளது, பின்னொளிதான் பழுது.

கணினி இயங்குகிறதா என்பதையும் திரையின்றியே அறியலாம். விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்தும்போது அதற்குரிய விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால், கணினி விழித்திருக்கிறது. அழுத்தும் விசைக்கு விடையளிக்கிறது. அம்மாணவியின் மடிக்கணினி அவ்வாறு விடையளித்தது. ஆகவே, இரண்டு கருவிகளும் உயிரோடு உள்ளன. இரண்டுக்கும் இடையில்தான் ஏதோ ஒன்று அறுபட்டுள்ளது.

வாயில்களின் வரலாறு

ஒரே பணிக்கு ஏன் இத்தனை வகை வாயில்கள்? இவ்வினாவுக்கு வரலாறு விடை தருகிறது.

1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிகளோடு அறிமுகப்படுத்தியது வி.ஜி.ஏ. முறை. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் 15 முள்களுக்கு இடம் கொண்ட அவ்விணைப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வண்ணங்களையும் தனித்தனிக் கம்பிகளில் மின்னழுத்த ஏற்றத்தாழ்வுகளாக அனுப்புகிறது. இது தொடர்முறை எனப்படும் அனலாக் வகை. பின்னர், படப்புள்ளிகளை எண்களாகவே அனுப்பும் டிஜிட்டல் முறைகள் வந்தன. 1999இல் டி.வி.ஐ., 2002இல் எச்.டி.எம்.ஐ., 2006இல் டிஸ்பிளேபோர்ட் ஆகியவற்றின் முதல் வரையறைகள் வெளியாயின. 2014இல் வெளியான யு.எஸ்.பி. சி வகை வாயில், மின்சாரம், தரவு, படம் ஆகிய மூன்றையும் ஒரே வடத்தில் கொண்டுசெல்ல இடமளித்தது.

இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் வி.ஜி.ஏ. முறையைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக 2010ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தன. உற்பத்தியாளர்கள் கைவிட்டாலும் வீடுகளும் பள்ளிகளும் சிறு தொழிற்கூடங்களும் நல்ல நிலையில் உள்ள திரையகத்தை உடனே கைவிடுவதில்லை. பழைய திரையகமும் புதிய கணினியும் ஒரே மேசையில் சந்திக்கும் இடத்தில்தான் இணைப்புச் சிக்கல்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன.

வாயிலின் வடிவம் பொருந்தினால் எல்லாம் பொருந்தும் என்று கருதுவது ஒரு பொதுப்பிழை. யு.எஸ்.பி. சி வகை வாயில்கள் அனைத்தும் தோற்றத்தில் ஒன்றே. ஆயினும், படத்தை அனுப்பும் திறன் எல்லா வாயில்களுக்கும் இல்லை. மின்னேற்றம் செய்வதற்கு மட்டுமே அமைந்த வடமும் படத்தைக் கொண்டுசெல்லாது. கணினியுடன் வந்த கையேட்டைப் பார்த்து அதன் வாயில் எத்தகையது என்று தெளிந்த பின்னரே பழுதை ஐயுற வேண்டும்.

இரு கருவிகளின் அறிமுக உரையாடல்

வடத்தைச் செருகிய நொடியிலேயே படம் பாய்ந்து வந்துவிடுவதில்லை. புதிதாகச் சந்திக்கும் இருவர் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்வதுபோல, கணினியும் திரையகமும் முதலில் சில செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன.

எச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19 முள்கள் உண்டு. கணினி அவற்றுள் 18ஆம் முள் வழியாக 5 வோல்ட் மின்னழுத்தம் அளிக்கிறது. அதனைப் பெற்ற திரையகம், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்னும் குறிப்பை 19ஆம் முள் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. பின்னர், திரையகத்தில் பதிந்துள்ள, குறைந்தது 128 பைட் அளவுள்ள அடையாளக் குறிப்பைக் கணினி வேறிரு முள்களின் வழியே படித்துக்கொள்கிறது. திரையகத்தைச் செய்த நிறுவனம், செய்யப்பட்ட ஆண்டு, ஏற்கக்கூடிய பிரிதிறன், படம் புதுப்பிக்கப்படும் வீதம் ஆகியன அக்குறிப்பில் அடங்கும். இவ்வடையாளக் குறிப்பின் வரையறையை 1994ஆம் ஆண்டு வெசா என்னும் தர அமைப்பு வெளியிட்டது. அக்குறிப்புக்கு ஏற்பவே கணினி படத்தை அமைத்து அனுப்புகிறது.

இவ்வுரையாடல் இடையில் முறிந்தால் இருவகை விளைவுகள் தோன்றும். இருப்பைக் கூறும் குறிப்பே வந்துசேராவிட்டால், திரையகம் ஒன்று இணைக்கப்பட்டிருப்பதையே கணினி அறியாது. திரையில் எதுவும் தோன்றாது. இருப்பை அறிந்தும் அடையாளக் குறிப்பைப் படிக்க இயலாவிட்டால், யாருக்கும் பொருந்தும் என்று கருதிக் குறைந்த பிரிதிறனில் படத்தை அனுப்பும். எழுத்துகள் பெருத்தும் தெளிவின்றியும் தோன்றும்.

திரையகத்தை அணைத்து, வடத்தைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மீண்டும் செருகினால் சில நேரங்களில் படம் வந்துவிடுவதன் காரணமும் இதுவே. முறிந்த உரையாடல் முதலிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. ‘தட்டினால் சரியாகிவிடும்’ என்பது நம்பிக்கை. ‘கழற்றிச் செருகினால் அறிமுகம் மீண்டும் நிகழும்’ என்பது அறிவு.

சங்கிலியைப் பாதியாக்குதல்

படம் கணினியில் தோன்றித் திரைக்கு வந்துசேரும் வழியை ஒரு சங்கிலியாகக் கருதலாம். கணினியின் திரை அமைப்பு, வரைகலை இயக்கி, கணினியின் வாயில், வடம், மாற்றி, திரையகத்தின் வாயில், திரையகத்தின் உள்ளீட்டுத் தேர்வு, திரையகத்தின் மின்வழங்கி என எட்டுக் கண்ணிகள் அதில் உண்டு. ஒவ்வொன்றாகச் சோதித்தால் எட்டுச் சோதனைகள் வரை தேவைப்படலாம். சங்கிலியை நடுவில் பிரித்துச் சோதித்தால், எப்பாதி நன்றாக உள்ளது என்பது ஒரே சோதனையில் தெரிந்துவிடும். பழுது ஒன்றே ஒன்று எனில் எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மூன்று சோதனைகளில் பழுதுள்ள கண்ணி அகப்படும்.

இம்முறைக்கு இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வடத்தையும் மாற்றியையும் ஒருங்கே மாற்றியபின் படம் வந்தால், குறை எதில் இருந்தது என்பது தெரியாமலேயே போய்விடும்; நல்ல பொருள் ஒன்றும் வீணாகத் தூக்கி எறியப்படும். இரண்டாவது, சோதனைக்குப் பயன்படுத்தும் பொருள் நன்றாக இயங்குவது என்று முன்னரே அறியப்பட்டதாக இருக்க வேண்டும். ஐயத்துக்குரிய வடத்தை ஐயத்துக்குரிய மற்றொரு வடத்தால் சோதிப்பதில் பயனில்லை.

கருவிகளைக் கழற்றுவதற்கு முன்னர், செலவும் உழைப்பும் இல்லாத இரண்டு கண்ணிகளைப் பார்த்துவிடலாம். ஒன்று, திரையகத்தின் உள்ளீட்டுத் தேர்வு. பல வாயில்கள் கொண்ட திரையகம், வடம் செருகப்பட்ட வாயிலை விட்டு வேறொரு வாயிலை நோக்கிக் காத்திருக்கக்கூடும். அதன் பொத்தானை அழுத்திச் சரியான வாயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று, கணினியின் திரை அமைப்பு. விண்டோஸ் இயக்க அமைப்பில், விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் ஒருங்கே அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். கணினியின் திரையில் மட்டும் காட்டுதல், இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டுதல், படப்பரப்பை இரண்டாம் திரைக்கு நீட்டித்தல், இரண்டாம் திரையில் மட்டும் காட்டுதல் என்பனவே அவை. முதல் தெரிவு செயலில் இருந்தால் புறத்திரையகம் இருண்டே இருக்கும். மூன்றாம் தெரிவு செயலில் இருந்தால் புறத்திரையில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தோன்றலாம். திறந்த சாளரங்கள் கணினியின் திரையிலேயே நின்றுவிடும். உடைந்த திரையோடு பணிசெய்பவர் இதனைப் பழுதென்று மயங்குவது எளிது.

மாற்றியின் மேல் ஓர் அம்புக்குறி

அம்மாணவி மேற்கூறிய இரண்டையும் பார்த்தாள், பயனில்லை. பின்னர், சங்கிலியை நடுவில் பிரித்தாள். மாற்றியை நீக்கிவிட்டு, அதே எச்.டி.எம்.ஐ. வடத்தால் மடிக்கணினியை அண்டைவீட்டுத் தொலைக்காட்சியோடு நேரடியாக இணைத்தாள். தொலைக்காட்சியில் மடிக்கணினியின் முகப்புத் தோன்றியது. மடிக்கணினி, அதன் இயக்கி, அதன் வாயில், வடம் ஆகிய நான்கும் ஒரே சோதனையில் ஐயத்திலிருந்து நீங்கின.

எஞ்சியவை மாற்றியும் திரையகமும். திரையகத்தின் மின்வழங்கியும் படப்பரப்பும் நன்றாக உள்ளன என்பதை அதன் அறிவிப்பே கூறிவிட்டது. அதன் வாயில் எப்படி என்பது மட்டுமே தெரியவேண்டும். அத்திரையகத்தை வி.ஜி.ஏ. வாயிலுள்ள மேசைக்கணினி ஒன்றோடு வி.ஜி.ஏ. வடத்தால் இணைத்தபோது படம் தெளிவாக வந்தது. எனவே, குறை மாற்றியில்தான் உள்ளது. அதனைக் கையிலெடுத்து உற்றுப் பார்த்தாள். அதன்மேல் பொறித்திருந்த சிறிய அம்புக்குறி, வி.ஜி.ஏ. என்ற எழுத்திலிருந்து எச்.டி.எம்.ஐ. என்ற எழுத்தை நோக்கிச் சென்றது.

குறை விளங்கிவிட்டது. இவ்வகை மாற்றிகள் ஒருவழிப் பாதைகள். எண்களாக வரும் படத்தை மின்னழுத்தமாக மாற்றுவதற்கு ஒருவகை மின்சுற்றும், மின்னழுத்தமாக வருவதை எண்களாக மாற்றுவதற்கு வேறுவகை மின்சுற்றும் தேவை. அம்மாணவிக்குத் தேவைப்பட்டது எச்.டி.எம்.ஐ. சமிக்ஞையை வி.ஜி.ஏ. சமிக்ஞையாக மாற்றும் கருவி. வாங்கப்பட்டதோ அதற்கு நேர்எதிரானது. முனைகள் பொருந்திவிட்டதால் திசை மாறியது யாருக்கும் புலப்படவில்லை. கெட்டுப்போன பொருள் என்று அவ்வீட்டில் எதுவுமே இல்லை, அம்மாற்றியும்கூடக் கெட்டதன்று. தன் திசையில் அது நன்றாகவே இயங்கும்.

சரியான மாற்றி பொருத்தப்பட்டதும் படம் வந்தது. ஆனால், அது இடப்பக்கம் சற்று ஒதுங்கி நின்றது. தொடர்முறைச் சமிக்ஞையில் படத்தின் தொடக்க எல்லையைத் திரையகமே கணித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இவ்வாறு நிகழ்வதுண்டு. திரையகத்தின் தானியங்குச் சீரமைப்புப் பொத்தானை அழுத்தியதும் படம் நடுவுக்கு வந்தது.

வண்ணமும் அசைவும் கூறுவன

படம் முற்றிலும் மறைவது ஒருவகைக் குறை. குறைபட்டு வருவது மற்றொரு வகை. பின்னதில் குறையின் தன்மையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வி.ஜி.ஏ. வடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியன முறையே 1, 2, 3ஆம் முள்களில் செல்கின்றன. சிவப்புக்குரிய முள் வளைந்தோ ஒடிந்தோ போனால் வெண்பரப்பு நீலப்பச்சையாகத் தோன்றும். பச்சை அறுபட்டால் கருஞ்சிவப்புச் சாயல் பரவும். நீலம் அறுபட்டால் மஞ்சள் படரும். எனவே, திரை மஞ்சளானால் திரையகத்தைத் திறக்க முற்படாமல் வடத்தின் முனையைக் கழற்றி முள்களைப் பார்ப்பதே முறை. பல வடங்களில் 9ஆம் முள் அமைப்பிலேயே இல்லாமல் இருப்பதுண்டு. அதனை ஒடிந்த முள் என்று கருதக் கூடாது.

படம் நடுங்கினாலோ, பட்டைகள் மெல்ல மேலேறினாலோ, நிலத்தொடுப்பையும் வடம் செல்லும் வழியையும் ஆராய வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பெரிய மின்னோடிகளும் பற்றவைப்புக் கருவிகளும் ஓயாது இயங்குகின்றன. அவற்றின் மின்கம்பிகளை ஒட்டி வி.ஜி.ஏ. வடம் சென்றால், அவை எழுப்பும் மின்காந்தத் தாக்கம் சமிக்ஞையோடு கலந்துவிடும். வடத்தை அவற்றிலிருந்து விலக்குவதும், தரமான காப்புறை கொண்ட வடத்தைப் பயன்படுத்துவதும், நிலத்தொடுப்பைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சரிசெய்வதும் தீர்வாகும்.

டிஜிட்டல் இணைப்பில் குறைகள் வேறுவிதமாகத் தோன்றும். வண்ணப்புள்ளிகள் மின்மினிகள்போல் சிதறும்; படம் நொடிப்பொழுது மறைந்து மீளும். இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 1920 × 1080 பிரிதிறனுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 24 பிட் வீதம், நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்க, நொடிக்கு ஏறத்தாழ 298 கோடி பிட்டுகள் வடத்தைக் கடக்க வேண்டும். 3840 × 2160 பிரிதிறனுக்கோ இதனைப்போல் நான்கு மடங்கு தேவை. எச்.டி.எம்.ஐ. முறையின் 1.4 பதிப்பு நொடிக்கு 1020 கோடி பிட்டுகளையே கடத்தும். ஆதலால் அப்பதிப்பைப் பின்பற்றும் கருவியில் அப்பெரிய படத்தை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்க இயலும். 2013இல் வந்த 2.0 பதிப்பு அவ்வளவை 1800 கோடியாக உயர்த்தியது. வடம் நீளமாகவும் தரம் குறைந்ததாகவும் இருந்தால் இவ்வெள்ளத்தின் ஒரு பகுதி சிதைகிறது. குறுகிய, தரமான வடத்துக்கு மாறுவதோ, பிரிதிறனையும் புதுப்பிப்பு வீதத்தையும் குறைத்துப் பார்ப்பதோ ஐயத்தைத் தீர்க்கும்.

மேசைக்கணினியில் நிகழும் மயக்கம்

மேசைக்கணினிகள் சிலவற்றில் தாய்ப்பலகையில் ஒரு காட்சி வாயிலும், தனியாகப் பொருத்தப்பட்ட வரைகலை அட்டையில் மற்றொரு வாயிலும் இருக்கும். தனி அட்டை உள்ளபோது பல கணினிகள் அதன் வழியாகவே படத்தை அனுப்பும். அந்நிலையில் வடத்தைத் தாய்ப்பலகையின் வாயிலில் செருகினால் திரை இருண்டே இருக்கும். கணினியின் பின்புறத்தைப் பார்த்து வடத்தை இடம்மாற்றுவதே இதற்குரிய மருந்து.

கணினி இயக்கத்தைத் தொடங்காமலேயே நின்றுவிட்டாலும் திரையில் சமிக்ஞை இராது. தொடர்ந்து ஒலிக்கும் பீப் ஒலியும், விடையளிக்காத ‘கேப்ஸ் லாக்’ விளக்கும் அதன் அடையாளங்கள். நினைவக அட்டை அதன் பள்ளத்தில் சரியாகப் பொருந்தாமை இதற்கு அடிக்கடி காரணமாகிறது. பழுதுநீக்குவோர் அவ்வட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை எழுதுகோல் அழிப்பானால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துவதைக் காணலாம். ஈரக்காற்றாலும் தூசியாலும் முனைகளில் படிந்த மெல்லிய படலம் நீங்குவதால் தொடர்பு மீள்கிறது. மின்னிணைப்பை முற்றிலும் நீக்கிய பின்னரே இப்பணியைச் செய்ய வேண்டும்.

எல்லை அறிதல்

எதனைத் தாமே செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதும் திறமையின் ஒரு பகுதி. வடத்தை மாற்றுதல், வாயிலைத் தேர்ந்தெடுத்தல், அமைப்புகளைச் சரிசெய்தல், இயக்கியைப் புதுப்பித்தல் ஆகியவற்றை மாணவர்கள் செய்யலாம். திரையகத்தின் உறையைத் திறத்தல் கூடாது. பழைய படக்குழாய்த் திரையகங்களில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், மின்னிணைப்பை நீக்கிய பின்னும் எஞ்சியிருக்கக்கூடும். தட்டைத் திரையகங்களின் மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகளும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

எறிவதற்கு முன்

ஆராயாமல் எறியும் பழக்கத்தின் விலை ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. படக்குழாய்களின் கண்ணாடியில் காரீயம் உண்டு. பழைய தட்டைத் திரையகங்கள் பலவற்றின் பின்னொளி விளக்குகளில் பாதரசம் உண்டு. முறையற்ற இடங்களில் உடைத்து எரிக்கப்படும்போது அவை மண்ணையும் நீரையும் அடைகின்றன. உடைப்பவரின் உடலையும் தாக்குகின்றன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவுகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரவேண்டும் என வரையறுக்கின்றன. எனினும், கழிவை முறையாக அகற்றுவதினும் மேலானது, கழிவல்லாததைக் கழிவாக்காதிருத்தல்.

செவ்வாப்பேட்டை வீட்டின் மேசையில் இரண்டு கருவிகள் குற்றமின்றியே குற்றஞ்சாட்டப்பட்டன. அவற்றைக் காத்தது பெரும்பொருள் அன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மாற்றியும், அதற்குமுன் செய்த மூன்று சோதனைகளுமே. தோன்றுவதைக் கூர்ந்து படித்தல், ஒருமுறை ஒன்றை மட்டுமே மாற்றுதல், நலமானதை ஐயத்திலிருந்து விடுவித்துக்கொண்டே செல்லுதல், எஞ்சியதில் காரணத்தைக் காணுதல் என்னும் இந்நெறி திரையகத்துக்கு மட்டும் உரியதன்று. வயலில் நீர் இறைக்கும் மின்னோடி நின்றாலும், கணக்கில் விடை பிழைத்தாலும், இருவரிடையே பேச்சு அறுபட்டாலும் அதுவே துணைநிற்கும். இருளைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறாமல், ஒளி எந்த இடம்வரை வந்து நின்றது என்று தேடுவோர் அறிவுடையோர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் உள்ள கணினிகளின் பின்புறத்தை ஆசிரியர் துணையுடன் பார்வையிட்டு, அவற்றிலுள்ள காட்சி வாயில்களின் வகைகளைப் பட்டியலிடுக.

2. உங்கள் வீட்டில் பழுதென்று ஒதுக்கி வைக்கப்பட்ட கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் இயக்கத்தை ஒரு சங்கிலியாக எழுதி, எந்தக் கண்ணியை முதலில் சோதிப்பீர்கள் என்பதைக் காரணத்துடன் விளக்குக.

3. ‘சிக்னல் இல்லை’ என்னும் அறிவிப்பு திரையகத்தின் நலத்துக்குச் சாட்சியம் ஆவது எவ்வாறு? வகுப்பில் கலந்துரையாடுக.